என்கோடிங்: குறியாக்கம் ஏன் விடிய விடிய ஓடுகிறது?

வீட்டு வீடியோவைச் சிறிய கோப்பாக்கும் வேலையைப் பேச்சில் ‘கன்வர்ட் பண்றது’ என்று முடித்துவிடுகிறோம். ‘வெறும் மாற்றத்துக்கா இத்தனை மணி நேரம்?’ என்ற எரிச்சல் அந்தச் சொல்லிலிருந்துதான் வருகிறது. எம்கேவி கோப்பின் உள்ளிருப்பதைத் தொடாமல் எம்பி4 ஆக்கினால் அது மாற்றம். உறை மட்டும் மாறுகிறது, பெரும்பாலும் ஓரிரு நிமிடத்தில் முடியும். என்கோடிங் வேறு: அது உள்ளிருக்கும் படத்தையே புதிதாகச் சுருக்கி எழுதுவது.

‘கோட்’ என்பதன் வேர், அடிமரத்தைக் குறித்த லத்தீன் சொல். மரப்பலகையில் மெழுகு பூசி எழுதிச் சேர்த்த கட்டுக்கு அந்தப் பெயர் வந்தது. பிறகு சட்டத் தொகுப்புக்கு, அதன் பின் சங்கேதக் குறிகளுக்கு. பூவிதழையும் பனையோலையையும் குறித்த நம் ‘ஏடு’ புத்தகமானதைப் போலத்தான். வீடியோவைச் சுருக்கி விரிக்கும் முறையைக் குறிக்கும் ‘கோடெக்’ மட்டும் புதிது: கோடர், டீகோடர் இரண்டின் தலையையும் ஒட்டியது.

தமிழில் ‘குறியாக்கம்’ என்கிறோம். சிலர் இதையே, பிறர் படிக்க முடியாதபடி தகவலைப் பூட்டும் என்கிரிப்ஷனுக்கும் எழுதுகிறார்கள். வாசிப்பவர் பாடு திண்டாட்டம். அதற்கு ‘மறையாக்கம்’ இருக்கிறது, ‘குறியாக்கம்’ என்கோடிங்குக்கே இருக்கட்டும். கணினித் தமிழின் தொடக்க காலத்தவர் சொன்ன ‘குறியேற்றம்’ அழகான சொல். ஆனால் அது எழுத்துக்கே பொருந்தும். கணினியில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் முன்பே தயாராக இருக்கிறது, ஏற்றினால் போதும். வீடியோவில் குறியை ஒவ்வொரு முறையும் புதிதாக ஆக்க வேண்டும்.

எப்படி ஆக்குகிறது? ஒரு குழந்தை சுவரோரமாக ஓடுகிறது என்று வையுங்கள். வீடியோவின் ஒவ்வொரு படச்சட்டமும் (ஃப்ரேம்) கட்டம் கட்டமாகப் பிரிக்கப்படும். ஒவ்வொரு கட்டமும் முந்தைய சட்டத்தில் எங்கே இருந்தது என்று தேடப்படும். சுவருக்கு ‘அதேதான்’ என்ற குறிப்பு போதும். குழந்தையின் சட்டைக்கு ‘இவ்வளவு நகர்ந்தது, இவ்வளவு வேறுபாடு’. மழையோ காற்றில் ஆடும் இலைகளோ வந்தால் பொருத்தம் எளிதில் கிடைக்காது. நேரத்தைத் தின்பது இந்தத் தேடல். 1080பி சட்டத்தில் சுமார் 20 லட்சம் புள்ளிகள், 4கே என்றால் அதன் 4 மடங்கு. வினாடிக்கு 24 சட்டம் வீதம் 2 மணி நேரப் படத்தில் 1,72,800 சட்டங்கள். வினாடிக்கு எத்தனை சட்டம் முடிகிறது என்று மென்பொருள் காட்டும் எஃப்பிஎஸ் என்ற இடத்தில் 96 ஓடினால் அரை மணியில் முடியும். 6 என்றால் 8 மணி நேரம்.

எவ்வளவு ஆழமாகத் தேடுவது என்பதைச் சொல்வது ‘பிரீசெட்’. எச்.264 கோடெக்கில் குறியாக்கும் எக்ஸ்264 மென்பொருளில் அது ‘அல்ட்ராஃபாஸ்ட்’டில் தொடங்கி ‘பிளசிபோ’வில் முடிகிறது. மருந்தே இல்லாத போலி மாத்திரையைக் குறிக்கும் கடைசிப் பெயரே கிண்டல்: காத்திருப்புக்கேற்ற பலன் கண்ணுக்குத் தெரியாது. பலர் வேகம் வேண்டி, அதே மென்பொருளில் உள்ள சிஆர்எஃப் என்ற அமைப்பின் எண்ணைத் திருகுகிறார்கள். அது முக்கியமாகத் தரத்துக்கும் கோப்பின் அளவுக்குமான திருகு, நேரம் கொஞ்சமே மாறும். கோடெக்கும் சேர்ந்துகொள்ளும்: 2003-இன் எச்.264-ஐ விட 2013-இன் எச்.265-உம், 2018-இன் ஏவி1-உம் கோப்பைச் சுருக்கும், அதற்காக இன்னும் அதிகம் தேடும்.

வன்பொருளில் பெரும்பங்கு சிபியுவுக்கு. போதுமான ரேம் இருந்தால் மேலே சேர்ப்பது வீண். எஸ்எஸ்டியும் இங்கே சும்மாதான் காத்திருக்கும். என்விடியாவின் என்விஎன்க், இன்டெலின் குவிக் சிங்க் போன்றவை குறியாக்கத்துக்கென்றே சில்லில் வைத்த தனிச் சுற்றுகள். பறக்கும், ஆனால் அதே தரத்துக்கு, சிபியுவில் பொறுமையாக ஓட்டிய எக்ஸ்264, எச்.265-க்கான எக்ஸ்265 ஆகியவற்றை விடப் பெரும்பாலும் கோப்பு பெருக்கும். சூட்டையும் மறக்கக் கூடாது. ஒருமுறை மடிக்கணினியை மெத்தைமேல் ஓடவிட்டுப் படுத்தேன். எஃப்பிஎஸ் 40-இல் தொடங்கியது, எழுந்து பார்த்தபோது 22. காற்றுத்துளை அடைபட்டு, செயலி தன் வேகத்தைத் தானே குறைத்திருந்தது.

டிவிடியில் இருப்பதும் ஏற்கெனவே குறியாக்கியதுதான். அதைக் குறிநீக்கி மறுபடி ஆக்குவதை ‘மறுகுறியாக்கம்’ எனலாம். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தரம் உதிரும், அதனால் மூலக் கோப்பை அழித்துவிடாதீர்கள்.