சோதனை மெஷினிலிருந்து போன பாக்கி எஸ்எம்எஸ்

கும்பகோணத்தில் இருந்துகொண்டு சுற்றுவட்டார உரக்கடைகளுக்கும் அரவை மில்களுக்கும் பில்லிங் சாஃப்ட்வேர் எழுதிக் கொடுப்பது என் தொழில். புது வெர்ஷனைக் கடைக் கம்ப்யூட்டரிலேயே போட்டுப் பார்க்கும் பழக்கத்தை விட்டுப் பல வருடம் ஆகிறது. என் லேப்டாப்புக்குள் ஒரு விர்ச்சுவல் மெஷின் (கம்ப்யூட்டருக்குள் சாஃப்ட்வேராக ஓடும் இன்னொரு கம்ப்யூட்டர்), அதற்குள் விண்டோஸ், கடை டேட்டாவின் நகல். எது உடைந்தாலும் அதற்குள்தான் உடையும் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

இங்கே உரக்கடை வியாபாரம் பெரும்பாலும் கடனில்தான் ஓடும். சம்பா நடவுக்கு யூரியாவும் டிஏபியும் வாங்கிப்போவார்கள்; அறுவடை முடிந்து நெல் போட்ட பிறகு கணக்குத் தீரும். மன்னார்குடிப் பக்கத்துக் கடைக்காரர் ஒருவர், தவணை தாண்டியவர்களுக்கு மட்டும் தானாக எஸ்எம்எஸ் போகிற வசதி கேட்டார். எழுதிவிட்டேன். சோதித்துப் பார்க்கத் தை மாதம் வேண்டும், நடந்துகொண்டிருந்ததோ ஐப்பசி.

மெஷினில் தேதியை ஜனவரிக்கு மாற்றினேன். சில நொடிகளில் பழைய தேதிக்கே வந்து நின்றது. இந்த மெஷினை ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸ் ப்ரோக்ராமில், கெஸ்ட் அடிஷன்ஸ் என்ற துணை சாஃப்ட்வேரை உள்ளே போட்டிருந்தால் அது உள்ளே ஓடும் கடிகாரத்தை லேப்டாப்பின் கடிகாரத்தோடு சேர்த்துக்கொண்டே இருக்கும். ஏப்ரல் 1 அன்று பில் நம்பர் ஒன்றிலிருந்து தொடங்குகிறதா என்று பார்க்கிறவர்களும் இதில்தான் மாட்டிக்கொள்வார்கள். அதன் சர்வீஸை விண்டோஸில் நிறுத்திவிட்டு மறுபடி மாற்றினேன். தேதி நிலைத்தது.

அப்புறம் ப்ரோக்ராமைத் திறந்தேன். அது தன் வேலையை ஒழுங்காகவே செய்தது, அதுதான் வினை. நெட்வொர்க் ‘நாட்’ முறையில், அதாவது லேப்டாப்பின் இணைப்பு வழியாகவே மெஷின் நெட்டுக்குப் போகும்படி இருந்தது. வெளியிலிருந்து எதுவும் நேராக உள்ளே வந்துவிடாது என்பதால் நாட் என்றாலே பாதுகாப்பு என்று நினைத்துக்கொள்கிறோம். உள்ளிருந்து வெளியே போவதை அது தடுப்பதே இல்லை. இன்டர்நெட் தாராளமாகக் கிடைக்கும். எஸ்எம்எஸ் அனுப்பும் கணக்கின் பாஸ்வேர்டும் நகலோடு சேர்ந்து வந்திருந்தது. பாக்கி எஸ்எம்எஸ் நிஜ வாடிக்கையாளர்களுக்கே போய்விட்டது.

கால் மணி நேரத்தில் கடைக்காரரிடமிருந்து போன். “தம்பி, வயல்ல தண்ணி நிக்கிது. நட்ட பயிரு தேறுமான்னே தெரியல. இப்பப் போயி பாக்கி கேட்டா எவன் நம்ம கடைக்கு வருவான்?”

முன்பே எடுத்து வைத்திருந்த ஸ்னாப்ஷாட்டுக்கு, அதாவது மெஷினின் பழைய நிலைப் பதிவுக்குத் திரும்பினேன், மெஷின் பழையபடி ஆனது. போன எஸ்எம்எஸ் எங்கே திரும்பும்? அவர் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுச் சமாதானம் சொன்னார். நான் கடையில் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன்.

இப்போதெல்லாம் நகல் வந்ததும் முதல் வேலை, அதிலுள்ள எல்லா மொபைல் நம்பரையும் என் நம்பராக மாற்றுவது. பாஸ்வேர்டுகளை அழித்துவிட்டு, நெட்வொர்க் அமைப்பில் ‘கேபிள் கனெக்டட்’ டிக்கையும் எடுத்துவிடுவேன். நெட் தேவைப்படும் சோதனைக்கு மட்டும் திரும்பப் போடுவேன். கடையில் உட்கார்ந்து சோதிக்கும்போது நெட்வொர்க்கில் ‘பிரிட்ஜ்’ முறை வேண்டவே வேண்டாம். ரவுட்டரிடம் முகவரி வாங்கிக்கொண்டு அந்த மெஷின் கடை நெட்வொர்க்கில் இன்னொரு கம்ப்யூட்டராகவே நிற்கும். ஷேர்டு ஃபோல்டரும் திறந்த கதவுதான். உள்ளே வைரஸ் புகுந்தால் அந்த வழியாக லேப்டாப் ஃபைல்களில் கைவைக்கலாம். ‘ரீட் ஒன்லி’ போதும்.

ஸ்னாப்ஷாட்டை பேக்கப் என்று நினைப்பவர்களையும் நிறையப் பார்க்கிறேன். அது முழு நகல் இல்லை. எடுத்த நொடியில் பழைய டிஸ்க் ஃபைல் அப்படியே நிற்கும், அதற்குப் பிறகான மாற்றங்கள் தனி ஃபைலில் சேரும். அடியில் இருக்கும் ஃபைல் கெட்டால் மேலே உள்ள எதுவும் திறக்காது. நம் ஊர் கரண்ட்டில், யூபிஎஸ் இல்லாத டெஸ்க்டாப்பில், இது நடக்காது என்று யாரால் சொல்ல முடியும்? மெஷினை அணைத்துவிட்டு மொத்த ஃபோல்டரையும் வெளி டிஸ்க்கில் காப்பி எடுத்து வையுங்கள். ஸ்னாப்ஷாட்டுகளை மாதக்கணக்கில் அடுக்கி வைத்தால் டிஸ்க் நிரம்பி மெஷின் பாதியில் நிற்கும், அது வேறு தொல்லை.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு 8 ஜிபி ரேம் உள்ள லேப்டாப் போதும். 4 ஜிபி உள்ளே கொடுக்கலாம். மெஷின் கிளம்பவே மாட்டேன் என்றால் பயாஸில் (கம்ப்யூட்டர் கிளம்பும்போது வரும் அடிப்படை செட்டிங்கில்) விர்ச்சுவலைசேஷன் அணைந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கிளம்பியும் நத்தை வேகம், திரையின் கீழ்மூலையில் பச்சை ஆமைப் படம் என்றால் விண்டோஸின் சொந்த விர்ச்சுவல் மெஷின் வசதியான ஹைப்பர்-வி குறுக்கே நிற்கிறது என்று அர்த்தம். ஆமையை வைத்தவருக்கு நல்ல நகைச்சுவை உணர்வு.

இவ்வளவு செய்தும், டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரில் பில் ஒரு வரி கீழே இறங்கி அச்சாகிறதா என்று பார்க்க மட்டும் இன்றைக்கும் மன்னார்குடிக்கு பஸ் ஏறத்தான் வேண்டியிருக்கிறது.