ஜப்பானியம் படிக்கத் தெரிகிறது, தேடத் தெரியவில்லை

மூன்றாம் ஆண்டு மாணவி ஒருவர் போன பருவத்தில் என்னிடம் வந்து, "மேடம், கெய்கோ பற்றி யாருமே பெரிதாக எழுதவில்லை. வேறு தலைப்பு எடுத்துக்கொள்ளட்டுமா?" என்று கேட்டார். கெய்கோ என்பது ஜப்பானிய மொழியின் மரியாதை வழக்கு. அதைப் பற்றி ஜப்பானியர்கள் எழுதிக் குவித்திருக்கிறார்கள்.

"எங்கேம்மா தேடினே?" என்றேன். வழக்கமான தேடுபொறியில், ஆங்கில எழுத்தில் தேடியிருக்கிறார்.

பக்கத்தில் உட்காரவைத்து, ஜப்பானின் தேசியத் தகவலியல் நிறுவனம் நடத்தும் சைனி என்ற ஆய்வுத் தேடுதளத்தைத் திறந்தேன். அதே சொல்லைக் கான்ஜியில், அதாவது ஜப்பானியத்தில் வழங்கும் சீன எழுத்தில், அடிக்கச் சொன்னேன். பக்கம் பக்கமாகக் கட்டுரைகள் வந்தன. பலவற்றை முழுதாகவே இறக்கிப் படிக்கலாம். அவர் முகம் மலர்ந்துவிட்டது. எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. இரண்டு வருடம் இலக்கணம் நடத்திய நாங்கள் இந்த ஒரு மணி நேரப் பாடத்தைக் கொடுக்காமல் விட்டிருக்கிறோம்.

இன்னொன்றும் அன்று புரிந்தது. பாடப்புத்தகச் சொல் வேறு, ஆய்வாளர் சொல் வேறு. மரியாதை வழக்கைப் பற்றிய பல கட்டுரைகள் 'தைகூ ஹ்யோகென்' என்ற பெயரில் இருக்கின்றன. முதலில் கிடைக்கும் நல்ல கட்டுரையின் குறிச்சொற்களைக் குறித்துக்கொண்டு, அவற்றை வைத்து மறுபடி தேட வேண்டும்.

அப்புறம் ஆண்டுக் கணக்கு. ஜப்பானிய நூல்களில் அரச சகாப்த ஆண்டு, அதாவது ஒரு பேரரசரின் ஆட்சி தொடங்கியதிலிருந்து எண்ணும் ஆண்டு, மட்டுமே அச்சாகியிருப்பது உண்டு. ஷோவா 52 என்றிருந்ததை 1952 என்று எழுதிவந்த மாணவர்களைப் பார்த்திருக்கிறேன். அது 1977. ஷோவாவுக்கு 1925, ஹெய்செய்க்கு 1988, ரெய்வாவுக்கு 2018 கூட்டினால் சரியான ஆண்டு வந்துவிடும். சின்னப் பிழைதானே என்று விட முடியாது. கெய்கோவையே எடுத்துக்கொள்ளுங்கள். 1952-இல் மொழிக் கொள்கைக் குழு ஒன்று அதை எளிமையாக்கப் பரிந்துரைத்தது. 2007-இல் வந்த வழிகாட்டி, அதுவரை மூன்றாகப் பிரித்துப் படித்ததை ஐந்தாகப் பிரித்தது. ஒரு கட்டுரை இவற்றுக்கு முன்பு எழுதியதா, பின்பு எழுதியதா என்று தெரியாமல் மேற்கோள் காட்டினால் வாதமே சாய்ந்துவிடும்.

ஆசிரியர் பெயரிலும் இதே கவனம் வேண்டும். ஒரே இரண்டு கான்ஜியை ஒருவர் யூகோ என்று வைத்திருப்பார், இன்னொருவர் ஹிரோகோ என்று வைத்திருப்பார். ஊகித்து எழுதக் கூடாது. புத்தகத்தின் கடைசியில் ஒகுஸுகே என்ற பதிப்பு விவரப் பக்கம் இருக்கும். பெயரை எப்படி வாசிப்பது என்பது பெரும்பாலும் அங்கே கானா என்ற ஒலியெழுத்தில் அச்சிட்டிருக்கும். பதிப்பு, ஆண்டு, பதிப்பகமும் அங்கேதான். அட்டையை மட்டும் படம் பிடித்துக்கொண்டு புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள்.

மொழிபெயர்ப்புச் செயலிகள் பற்றி என் கருத்து இது: எந்தக் கட்டுரை வேண்டும் என்று பொறுக்கியெடுக்கப் பயன்படுத்தலாம், மேற்கோள் காட்ட வேண்டாம். ஜப்பானிய ஆய்வாளர் ஒரு வாக்கியத்தை 'தோ ஒமோவாரெரு' என்று முடித்தால், 'என்று தோன்றுகிறது' என்றுதான் சொல்கிறார். செயலி அந்தத் தயக்கத்தை விழுங்கிவிட்டால், அவர் அடித்துச் சொல்லாததை அடித்துச் சொன்னதாக நீங்கள் எழுதிவிடுவீர்கள். அது அவருக்குச் செய்யும் அநியாயம்.

இந்தப் பருவம் முதல் வகுப்பிலேயே ஒரு வேலை கொடுத்தேன். நூலகத்திலிருந்து ஏதாவது ஒரு ஜப்பானியப் புத்தகம் எடுத்து வாருங்கள், கடைசிப் பக்கத்தைத் திறந்து ஆசிரியர் பெயரையும் ஆண்டையும் எழுதுங்கள் என்றேன். ஒரு பையன் முதல் பக்கத்தையே புரட்டிக்கொண்டிருந்தான். பக்கத்தில் இருந்த பெண் புத்தகத்தை வாங்கி, பின்னாலிருந்து திறந்து அவன் கையில் கொடுத்தாள்.