சொல் விளக்கம்: பொதுமக்கள் கலந்தாய்வு

வீதி அகலிப்புக்கோ புதிய பஸ் தரிப்பிடத்துக்கோ "பொதுமக்கள் கலந்துரையாடல்" என்று அறிவித்தல் ஒட்டுவார்கள். போனால் பெரும்பாலும் நடப்பது இதுதான்: வரவேற்புரை, திரையில் ஒரு வரைபடம், பொறியியலாளரின் விளக்கம், கடைசிக் கால் மணித்தியாலத்தில் இரண்டு மூன்று கேள்வி, வரவுத் தாளில் கையெழுத்து, பிளேன்டீ. வரைபடம் ஏற்கெனவே முடிந்த வரைபடம். இதை அறிவிப்புக் கூட்டம் என்று சொன்னால் யாருக்கும் கோபமில்லை. ஆனால் ஆங்கிலத்தில் 'பப்ளிக் டெலிபரேஷன்' என்பது வேறு.

இலத்தீனில் 'லிப்ரா' என்றால் தராசு. அதன் வழி வந்த வினைச்சொல்லுக்கு நிறுத்துப் பார்த்தல் என்று பொருள். 'டெலிபரேஷன்' அங்கிருந்து வந்தது. பொதுக் கொள்கைத் துறையில் அதன் பொருள் இன்னும் கொஞ்சம் விரியும்: ஒரு முடிவால் பாதிக்கப்படுகிறவர்கள் அந்த முடிவுக்கு முன்னரே கூடி, தகவலைக் கேட்டு, நிபுணரைக் குடைந்து கேள்வி கேட்டு, எதிர்ப்பக்கத்து நியாயத்தையும் காதில் வாங்கி, தேவைப்பட்டால் தங்கள் எண்ணத்தை மாற்றிக்கொண்டு, காரணத்தோடு ஒரு பரிந்துரை சொல்வது. 1969இல் ஷெரி ஆர்ன்ஸ்டைன் என்ற அமெரிக்கர் மக்கள் பங்கேற்பை எட்டுப் படி ஏணியாக வகுத்தார். தகவல் சொல்வதற்கு மூன்றாம் படி, கருத்துக் கேட்பதற்கு நான்காம் படி. இரண்டையும் அவர் ஒப்புக்குச் செய்யும் பங்கேற்பு என்ற கணக்கிலேயே சேர்த்தார்.

சரி, தமிழில்? இருந்த நல்ல சொற்களை வேறு ஆட்கள் கொண்டுபோய்விட்டார்கள். "சூழ்ச்சி முடிவு துணிவெய்தல்" என்கிறது 671ஆம் குறள். அங்கே சூழ்ச்சி என்பது ஆராய்ந்து எண்ணுதல். துணிவு என்பது தீர்மானம். கச்சிதமான சொல். இன்றைக்குப் "போக்குவரத்துச் சூழ்ச்சி" என்று எழுதினால் பொலிஸில் முறைப்பாடுதான் வரும். தேர்தலும் ஒரு காலத்தில் ஆராய்ந்து பார்த்தல்தான். அது வாக்குப்பெட்டிக்குள் போய்விட்டது. "சமன்செய்து சீர்தூக்கும் கோல்போல்" என்ற 118ஆம் குறளின் சீர்தூக்கல், இலத்தீன் தராசுக்கு அப்படியே பொருந்துகிறது. ஆனால் ஒரு நீதிபதி தனியே இருந்தும் சீர்தூக்கலாம். பலர் கூடுவது அந்தச் சொல்லில் இல்லை. ஆலோசனை? சொல்லுபவர் சொல்லிவிட்டுப் போக, கேட்டவர் எடுத்தாலும் உண்டு, விட்டாலும் உண்டு. கலந்துரையாடலில் உரையாடல் வரைக்கும்தான் இருக்கிறது.

மிஞ்சுவது கலந்தாய்வு. கலந்து, ஆய்தல், வேண்டிய இரண்டும் அதில் உண்டு. தமிழ்நாட்டில் பொறியியல் கல்லூரியில் இடம் எடுக்கப் போவதற்கு இந்தப் பெயர் விழுந்துவிட்டதால் அங்கே கொஞ்சம் குழப்பம். மட்டக்களப்பில் அந்தத் தொல்லை இல்லை. நாம் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம்.

பெயர்தான் புதிது. உன்னிச்சை மாதிரி ஒரு பெரிய குளத்தின் சிறுபோக ஆரம்பக் கூட்டத்தில் போய் இருந்து பாருங்கள். எத்தனை ஏக்கருக்குத் தண்ணீர், வாய்க்கால் திறக்கிற திகதி எது, விதைப்புக்குக் கடைசி நாள் எது, எத்தனை மாத நெல்லு, மாடுகளை எப்போது வயற்பக்கமிருந்து அகற்றுவது. வாய்க்கால் தலைப்பில் காணி உள்ளவருக்கு ஒரு திகதி தோது, கடைசியில் உள்ளவருக்கு வேறொன்று, மாட்டுக்காரருக்கு இரண்டும் பிடிக்காது. சத்தம் கிளம்பும். நீர்ப்பாசனப் பொறியியலாளர் குளத்தில் இருக்கிற தண்ணீர்க் கணக்கைச் சொல்வார். வயல்வெளிகளின் தண்ணீரை மேற்பார்க்கிற வட்டவிதானைமார் தங்கள் வட்டையின், அதாவது வயற்பகுதியின், நிலைமையைச் சொல்வார்கள். கத்தினவரே அப்புறம் "அப்ப ஒரு கிழமை தள்ளிப் போடுங்க" என்று இறங்கி வருவார். எடுத்த தீர்மானம் நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டத்தின்படி எல்லோரையும் கட்டும். தண்ணீருக்கு இப்படி ஒரு கூட்டம் இருக்கிறது. பஸ்ஸுக்கு ஏன் இல்லை என்பதுதான் எனக்கு விளங்காதது.

ஏனென்றால் போக்குவரத்திலும் இதே மாதிரி இழுபறிதான். மட்டக்களப்பில் 'பாதை' என்றால் வாவியைக் கடக்க ஆளையும் வாகனத்தையும் ஏற்றுகிற மிதவை என்பது இவ்வூரார் எல்லோருக்கும் தெரியும். மண்முனையில் 2014இல் பாலம் வந்து பாதையின் வேலை முடிந்தது. குருமண்வெளிக்கும் மண்டூருக்கும் இடையில் கடைசிப் பாதை எத்தனை மணிக்கு என்று முடிவெடுக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். எழுவான்கரையிலிருந்து (வாவியின் கிழக்குக் கரை) படுவான்கரைக்குப் (மேற்குக் கரை) படிப்பிக்கப் போகிற ஆசிரியைக்குக் காலைப் பாதைதான் முக்கியம். களுவாஞ்சிகுடி வைத்தியசாலையில் ஆளைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவருக்கு இரவு வேண்டும். பாதை ஓட்டுகிறவருக்கும் வீடு வாசல் உண்டு, டீசலுக்கும் காசு வேண்டும். படிவம் கொடுத்து விருப்பத்தைக் கேட்டால் ஆளுக்கொரு நேரம் எழுதுவார்கள். ஒரே மண்டபத்தில் இருத்தி, செலவுக் கணக்கையும் முன்னால் வைத்தால் பேச்சு வேறு மாதிரிப் போகும்.

யாரைக் கூப்பிடுவது என்பது அடுத்த சிக்கல். கிழமை நாளில் காலை பத்து மணிக்கு வைத்தால் சங்கத் தலைவர்மாரும் ஓய்வுபெற்றவர்களும்தான் வருவார்கள். பஸ்ஸில் போகிற பிள்ளை வகுப்பில் இருப்பாள். இதற்காகத்தான் வெளிநாடுகளில் குலுக்கல் முறையில் ஆட்களைத் தெரிகிறார்கள். சபைத் தவிசாளர் தெரிவில் வாக்கு சமமானால் போடுகிறோமே திருவுளச்சீட்டு, அதே யோசனை. சோழர் கால உத்திரமேரூரில் குடத்தில் ஓலை போட்டு ஊர்ச்சபைக்கு ஆள் தெரிந்த குடவோலையும் அதுதான், ஆனால் அந்தக் குடத்துக்குள் காணி உள்ள ஆண்களின் பெயர்தான் போனது.

பிரான்ஸில் எரிபொருள் வரிக்கு எதிராக 2018இல் மஞ்சள் மேலங்கிக்காரர் தெருவுக்கு வந்தார்கள். அந்தக் கொந்தளிப்புக்குப் பிறகு, 2019 ஒக்டோபரில், குலுக்கலில் தெரிந்த 150 பேர் காலநிலை பற்றிய கலந்தாய்வைத் தொடங்கினார்கள். 2020 ஜூனில் கொடுத்த பரிந்துரைகளில் போக்குவரத்துக்குப் பெரிய பங்கு. ரயிலில் 4 மணித்தியாலத்துக்குள் போய்விடக்கூடிய இடங்களுக்கு உள்நாட்டு விமானம் வேண்டாம் என்றார்கள். 2021இல் வந்த சட்டம் அதை இரண்டரை மணித்தியாலமாகக் குறைத்தது. நெடுஞ்சாலை வேகத்தை 110 கிலோமீற்றராகக் குறைக்கச் சொன்னதை ஜனாதிபதி மக்ரோன் ஏற்கவில்லை. கலந்தாய்வின் முடிவு அரசைக் கட்டுமா என்பதை முதலிலேயே எழுத்தில் வாங்காவிட்டால் இப்படித்தான்.

நம் நாட்டில் 10 கிலோமீற்றருக்கு மேற்பட்ட தேசிய, மாகாண நெடுஞ்சாலைகளுக்குச் சுற்றாடல் சட்டத்தின் கீழ் அனுமதி தேவை. சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கையை 30 நாள் பொதுமக்கள் பார்வைக்கு வைத்து எழுத்தில் கருத்து வாங்குவார்கள். அதைக் கருத்துக் கேட்பு என்றே எழுதுங்கள். தேவை கண்டால் பகிரங்க விசாரணை வைத்து மக்கள் நேரில் சொல்வதைக் கேட்கவும் அதே சட்டத்தில் இடம் உண்டு. அந்த 30 நாளுக்குள் அனுப்புகிற கடிதத்தில், விசாரணை வையுங்கள் என்று ஒரு வரி சேர்த்துக்கொள்ளலாம்.