சக்கரத்தைத் திருப்பிய எலிகள்

முன்பின் பழகாத வேலையையும் ‘செய்துதான் பார்ப்போமே’ என்று சிலர் கையில் எடுக்கிறார்கள். அதே திறமை உள்ள வேறு சிலரோ தொடங்கும் முன்பே ஒதுங்கிவிடுகிறார்கள். இது பிறவிக் குணமா என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். ‘எல்லாம் மனப்பான்மைதான்’ என்று பதில் சொன்னால் அவருடைய கேள்விக்கு வேறு பெயர் சூட்டியதாகத்தான் ஆகும். இதற்கு மூளைக்குள் விடை தேடிய ஓர் ஆராய்ச்சி, தான் முதலில் சொன்னதற்கு நேர் எதிரான முடிவுக்கு வந்து சேர ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் ஆயின.

1967-ல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவர்களாக இருந்த மார்ட்டின் செலிக்மனும் ஸ்டீவன் மேயரும் நாய்களை மூன்று குழுக்களாகப் பிரித்தனர். முதல் குழு நாய்கள் தலையால் ஒரு பலகையை அழுத்தி மின்னதிர்ச்சியை நிறுத்த முடிந்தது. இரண்டாம் குழுவுக்கும் அதே அளவு அதிர்ச்சி, அதே நேரம் வரைதான் கிடைத்தது. ஆனால் அவை எதைச் செய்தாலும் அது நிற்கவில்லை. மூன்றாம் குழுவுக்கு அதிர்ச்சியே இல்லை. அடுத்து, குறுக்குத் தடுப்பு ஒன்றைத் தாண்டினால் தப்பிக்கலாம் என்ற நிலையில் வைத்தபோது முதல் குழுவும் மூன்றாம் குழுவும் தாண்டின. இரண்டாம் குழுவில் பெரும்பாலானவை படுத்துக்கொண்டு வலியைப் பொறுத்துக்கொண்டன. (இத்தகைய சோதனைக்கு இன்று அனுமதி கிடைப்பது கடினம், கிடைக்காமல் இருப்பதே நல்லது.) பயனில்லை என்பதை அந்த நாய்கள் கற்றுக்கொண்டன என்று கருதி, இருவரும் இதற்குக் ‘கற்றுக்கொண்ட கையறுநிலை’ என்று பெயரிட்டனர். பாடநூல்களிலும் அது நிலைத்துவிட்டது.

மேயருக்கு மட்டும் மனம் ஆறவில்லை. கொலராடோ பல்கலைக்கழகத்தில் நரம்பியல் பக்கம் திரும்பிய அவர், எலிகளை வைத்து அதே சோதனையை மூளைக்குள் தொடர்ந்தார். முன்னங்கால்களால் ஒரு சிறு சக்கரத்தைத் திருப்பினால், வாலில் பாயும் மின்னதிர்ச்சி நிற்கும். இணையாக வைத்த இன்னொரு எலிக்கும் சக்கரம் உண்டு, ஆனால் அதைத் திருப்பிப் பயனில்லை.

இந்த இடத்தில்தான் எனக்கு மிகவும் பிடித்த பொறிமுறை வருகிறது. மூளைத்தண்டில் டார்சல் ராஃபே என்ற சிறு நரம்புத் திரள் இருக்கிறது. துன்பம் நீடித்தால் அது செரோட்டோனின் என்ற நரம்புச் செய்தி வேதிப்பொருளை வெள்ளமாகப் பாய்ச்சி, அச்சத்தைக் கையாளும் அமிக்டலா என்ற மூளைப் பகுதியில் அச்சத்தைக் கூட்டுகிறது. தப்பியோடும் இயக்கத்தை நடத்தும் பகுதிகளை அடக்கிவிடுகிறது. துன்பம் எலியின் கட்டுப்பாட்டில் இருக்கிறதா, இல்லையா என்பதை அந்தத் திரளால் அறிய முடியாது. இரண்டு எலிகளிலும் அது ஒரே மாதிரிதான் கிளம்பப் பார்க்கிறது. வேறுபாட்டை உணர்வது நெற்றிக்குப் பின்னாலுள்ள முன்மூளைப் புறணி. ‘நான் திருப்பினேன், வலி நின்றது’ என்ற தொடர்பை அது கண்டுகொண்டதும், அங்கிருந்து இறங்கும் நரம்பிழைகள் ராஃபேயில் உள்ள தடுப்பு நரம்பணுக்களைத் தூண்டுகின்றன. அவை செரோட்டோனின் அணுக்களை அமைதிப்படுத்துகின்றன. பிரேக்கை மிதிக்கும் காலைப் போல, மேலிருக்கும் பகுதி கீழிருப்பதை அடக்குகிறது.

இதைச் சோதித்த விதம் இன்னும் அழகு. 2005-ல் வெளியான ஆய்வில், சக்கரத்தால் வலியை நிறுத்த முடிந்த எலிகளின் முன்மூளைப் புறணியை ஒரு மருந்தால் தற்காலிகமாக உறங்க வைத்தார்கள். அவை வழக்கம்போல் சக்கரத்தைத் திருப்பின, வலியையும் நிறுத்தின. ஆனால் பின்னர் கையறுநிலையில் விழுந்தவற்றைப் போலவே நடந்துகொண்டன. கால் வென்றும், வென்ற செய்தி கீழே போய்ச் சேரவில்லை. மறுபுறம், வலியை நிறுத்த வழியே இல்லாத எலிகளில் அதே புறணியைத் தூண்டிவிட்டபோது, எதையும் கட்டுப்படுத்தாமலேயே அவை பாதிப்பிலிருந்து தப்பின.

ஆக, நீடித்த துன்பத்தின் முன் முடங்குவதே மூளையின் இயல்பு. முயன்றால் பலிக்கும் என்பதே கற்றுக்கொள்ளப்படுவது. 2016-ல் மேயரும் செலிக்மனும் தங்கள் பழைய விளக்கத்தைத் தாங்களே தலைகீழாகத் திருப்பி எழுதினார்கள். ‘எலியின் வாலை ஆராய்ந்து யாருக்கு என்ன லாபம்?’ என்று இடையில் யாராவது நிதியை நிறுத்தியிருந்தால், தவறான பாதி மட்டுமே நம் கையில் மிஞ்சியிருக்கும்.

எலியிலிருந்து மனிதனுக்குத் தாவும்போது நிதானம் தேவைதான். ஆனாலும், வெறும் ஊக்க உரைக்கு ஏன் வலு குறைவு என்பதை இதை வைத்து ஓரளவு ஊகிக்கலாம் என்பது என் கருத்து. அறிவுத்திறன் உழைப்பால் வளரும் என்று சொல்லித்தரும் ஒரு மணி நேரத்துக்கும் குறைவான இணையப் பயிற்சியை, அமெரிக்காவின் ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் சுமார் 12,000 பேரிடம் சோதித்த முடிவு 2019-ல் வெளியானது. பின்தங்கிய மாணவர்களின் சராசரி மதிப்பெண், நான்கு புள்ளி அளவுகோலில் 0.1 உயர்ந்தது. பயன் உண்டு, ஆனால் மேடைகளில் முழங்கப்படும் அளவுக்கு இல்லை. ‘எல்லாம் தலைவிதி’ என்பவரும், ‘நினைத்தால் எதுவும் முடியும்’ என்பவரும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள்: செயலுக்கும் விளைவுக்கும் இடையில் மூளை தேடும் சான்றை இருவருமே கேட்பதில்லை.

கேள்வி கேட்ட வாசகருக்கு ஒன்று. கட்டுப்படுத்த முடியாத அதிர்ச்சி எலிகளிடம் உண்டாக்கும் முடக்கம் பெரும்பாலும் சில நாட்களில் தணிந்துவிடுகிறது. ஆனால் இளம் பருவத்தில் சக்கரத்தைத் திருப்பி வலியை நிறுத்திப் பழகிய எலிகள், வளர்ந்த பின், தப்ப வழியே இல்லாத அதிர்ச்சிக்கு ஆளானபோதும் முடங்கிப்போகவில்லை.