பிதுங்கிய டிஸ்க்கை உடம்பு எப்படிக் கரைக்கிறது

எம்.ஆர்.ஐ. ஃபிலிமை டியூப்லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். முள்ளெலும்புகளுக்கு இடையில் மெத்தை போல இருக்கும் டிஸ்க்குகளில் மற்றவை வெளுப்பாகத் தெரிய, ஆகக் கீழே இருந்தது மட்டும் கறுத்திருந்தது. அதன் பின்பக்கம் ஒரு சின்னப் புடைப்பு. சுண்டைக்காய் அளவுதான் இருக்கும். இதற்காகத்தான் பதினோரு நாட்களாக இடது காலை ஊன்ற முடியாமல், தும்மல் வந்தாலே நடுங்கிக்கொண்டிருந்தேன். பார்க்க வந்தவர்கள் எல்லோரும் கேட்டது ஒரே கேள்வி: “ஜவ்வு விலகிடுச்சா?”

அந்த ‘விலகல்’ என்ற சொல்தான் பாதிப் பயத்துக்குக் காரணம். விலகியதை யாராவது பிடித்துத் தள்ளிப் பழைய இடத்தில் உட்கார வைக்க வேண்டும் என்று நினைத்துவிடுகிறோம். டிஸ்க் எங்கேயும் விலகுவதில்லை. மேலும் கீழும் உள்ள முள்ளெலும்புகளோடு அது இறுக ஒட்டியிருக்கிறது. முதுகெலும்பில் இப்படி 23 டிஸ்க்குகள் உண்டு. ஒவ்வொன்றின் நடுவிலும் நுங்கு போல நீர் நிறைந்த ஒரு கூழ். அதைச் சுற்றி 15 முதல் 25 அடுக்கு நார் வளையம். ஓர் அடுக்கின் நார்கள் வலப்பக்கம் சாய்ந்தால் அடுத்த அடுக்கில் இடப்பக்கம் சாய்ந்திருக்கும். ஓலை முடைவது போன்ற அந்தக் கட்டுதான் உடம்பின் எடையைத் தாங்குகிறது. நாளடைவில் நார்களில் வெடிப்பு விழும். அந்த வெடிப்பு வழியாகக் கூழ் வெளியே பிதுங்குகிறது. பெரும்பாலும் பின்பக்க ஓரமாகப் பிதுங்கும், காலுக்குப் போகும் நரம்பின் வேர் இருப்பதும் அங்கேதான்.

எனக்குத் தொடங்கியது காலை ஐந்தரை மணிக்கு. எழுந்த கையோடு குனிந்து தண்ணீர்க் கேனைத் தூக்கினேன். ராத்திரி படுத்திருக்கும்போது டிஸ்க்குகள் நீரை உறிஞ்சி ஊதிவிடும். அதனால்தான் சாயங்காலத்தைவிடக் காலையில் நம் உயரம் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் கூடுதலாக இருக்கிறது. ஊதிய டிஸ்க்கோடு குனிந்தால் நார்களில் இழுவிசை அதிகம். முதுகில் தொந்தரவு உள்ளவர்கள் எழுந்ததும் ஒரு மணி நேரம் குனியாமல் இருப்பது நல்லது. ஆனாலும் பழியை முழுக்கக் கேன்மேல் போட முடியாது. பின்லாந்தில் இரட்டையர்களை ஆராய்ந்தபோது, ஆளுக்கொரு மாதிரி வேலை பார்த்தவர்களுக்குக்கூட டிஸ்க்குகள் ஒரே மாதிரி தேய்ந்திருந்தன. பரம்பரைக்கு அவ்வளவு பங்கு உண்டு.

1934இல் பாஸ்டனில் மிக்ஸ்டர், பார் என்ற இரு அறுவை மருத்துவர்கள்தான் இந்தப் பிதுக்கத்தையும் கால் வலியையும் தெளிவாக இணைத்துக் காட்டினார்கள். அதுவரை அந்தத் துண்டைக் குருத்தெலும்புக் கட்டி என்று நினைத்திருந்தார்கள். நரம்பை அழுத்துகிறது, அதனால் வலிக்கிறது என்பது அப்புறம் பாடமானது. ஆனால் 1994இல் முதுகுவலியே இல்லாத 98 பேரை ஸ்கேன் செய்து பார்த்தார்கள். பாதிப் பேருக்கு டிஸ்க் உப்பியிருந்தது. 27 சதவீதம் பேருக்குப் பிதுக்கமே இருந்தது. அவர்களுக்கு ஏன் வலிக்கவில்லை?

பந்தியில் வெகுநேரம் சம்மணம் போட்டு உட்கார்ந்தால் கால் மரத்துப்போகிறது. அழுத்தம் மட்டும் என்றால் மரப்பும் கூச்சமும்தான் வரும். நெருப்பு வைத்தது போன்ற வலி வர நரம்பு வீங்கிச் சிவந்து அழற்சியாகியிருக்க வேண்டும். 1993இல் ஸ்வீடனில் பன்றிகளின் நரம்பு வேர்மேல் டிஸ்க்கின் கூழை வெறுமனே வைத்துப் பார்த்தார்கள், அழுத்தாமல். சில நாட்களிலேயே அந்த நரம்பின் வேகம் குறைந்துவிட்டது. அந்தக் கூழ் ரத்த ஓட்டமே படாமல் மூடிக்கிடந்த பொருள். வெளியே வந்ததும் நோய் எதிர்ப்பு அமைப்புக்கு அது அந்நியமாகத் தெரிகிறது. அழற்சியைத் தூண்டும் டி.என்.எஃப். ஆல்ஃபா போன்ற ரசாயனங்கள் சுரக்கின்றன. நாம் துடிப்பது அதில்தான்.

இந்த இடத்தைப் படித்த அன்றைக்குத்தான் எனக்கு நிம்மதியாகத் தூக்கம் வந்தது. ஏனென்றால், அதே அழற்சிதான் வைத்தியமும் செய்கிறது. பிதுங்கிய துண்டுக்குள் புது ரத்த நாளங்கள் நுழைகின்றன. மேக்ரோஃபேஜ் என்ற விழுங்கும் செல்கள் வந்து அதைக் கரைத்துத் தின்கின்றன. துண்டு நீர் வற்றிச் சுருங்கவும் செய்கிறது. வெறுமனே உப்பிய டிஸ்க்கைவிட, முழுசாகப் பிய்ந்து விழுந்த பெரிய துண்டுதான் அதிகம் கரைகிறது. 2015இல் வெளியான தொகுப்பாய்வு ஒன்றின்படி பிய்ந்து விழுந்தவற்றில் 96 சதவீதம் சுருங்கின, உப்பலில் 13 சதவீதம்தான். ரிப்போர்ட்டில் ‘பெரிய பிதுக்கம்’ என்று எழுதியிருப்பதைப் பார்த்து மனம் உடைந்துபோகிறவர்களுக்கு இதை யாராவது அன்றைக்கே சொல்ல வேண்டும்.

சரி, அதுவரை எப்படித் தாங்குவது? படுத்தே கிடப்பதால் பலனில்லை. நெதர்லாந்தில் 1999இல் இதே கால் வலி வந்தவர்களில் ஒரு சாராரை இரண்டு வாரம் படுக்கையில் வைத்தார்கள், மற்றவர்களை முடிந்தவரை நடமாடச் சொன்னார்கள். 12 வாரத்தில் இரு தரப்பிலும் 87 சதவீதம் பேர் தேறியிருந்தார்கள். மல்லாந்து படுத்துக் கெண்டைக்கால்களை நாற்காலிமேல் வைத்துக்கொண்டால் நரம்பின் இழுப்பு தளரும். தும்மல் வந்தால் முன்னால் குனியாமல், நிமிர்ந்து நின்று சுவரைப் பிடித்துக்கொள்ளலாம். முன்சாய்ந்து உட்காருவதில் டிஸ்க்குக்கு அழுத்தம் அதிகம் என்பதால், ஃபோனை மடியில் வைத்துப் பார்ப்பதைத்தான் முதலில் விட்டேன். மருத்துவர் கொடுத்த மாத்திரையைப் பல்லைக் கடித்துத் தள்ளிப்போடாமல் வேளைக்குப் போட்டேன். நடக்க முடிகிற அளவுக்கு வலியை இறக்குவதுதான் அதன் வேலை. தெருவில் ஒரு மின்கம்பம் வரை போய்த் திரும்புவது என்று தொடங்கினேன்.

சிலதுக்குக் காத்திருக்கவே கூடாது. சிறுநீர் வராமல் நின்றாலோ அடக்க முடியாமல் போனாலோ, உட்காரும் இடமும் தொடையிடுக்கும் மரத்தாலோ, பாதம் தூக்க வராமல் தொங்கினாலோ அன்று ராத்திரியே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மற்றபடி ஆபரேஷன் வலியைச் சீக்கிரம் குறைக்கும், அது உண்மை. அதே நெதர்லாந்தில் 283 பேரிடம் 2007இல் பார்த்தபோது, முதலிலேயே ஆபரேஷன் செய்தவர்களும் பொறுத்துப் பார்த்தவர்களும் ஒரு வருடத்தில் ஒரே நிலைக்கு வந்திருந்தார்கள். பொறுத்தவர்களில் 39 சதவீதம் பேர் தாங்க முடியாமல் இடையில் ஆபரேஷனுக்குப் போனார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

1956இல் நியூசிலாந்தின் வெலிங்டனில் ராபின் மெக்கென்சி என்ற பிசியோதெரபிஸ்டிடம் வந்த நோயாளி ஒருவர், தலைமாடு உயர்த்தியிருந்த கட்டிலில் தெரியாமல் குப்புறப் படுத்துவிட்டார். முதுகு பின்னால் வளைந்த அந்த நிலையில் சில நிமிடங்கள் கிடந்து எழுந்தபோது கால் வலி போயிருந்தது. வலி காலை விட்டு இடுப்புப் பக்கம் ஏறுவது தேறுவதற்கான அடையாளம் என்பது அதிலிருந்துதான் வளர்ந்தது. பலர் இந்தக் கட்டத்தில், இடுப்பு முன்பைவிட வலிக்கிறதே என்று பயந்து மறுபடி படுத்துவிடுகிறார்கள்.

எனக்கு அது பத்தொன்பதாம் நாள் வந்தது. கெண்டைக்காலில் இருந்த நெருப்பு அணைந்து, இடுப்பில் ஓரிடத்தில் மட்டும் கடுத்தது. அன்று சாயங்காலம் நான்காவது மின்கம்பம் வரை போய் வந்தேன்.