கல் வளையும், தண்ணீர் பட்டால் உருகும்

நிலத்துக்கு அடியில் நெருப்புக் குழம்பு கடல்போலத் தளும்புகிறது, அதன் மேல் நாம் மிதக்கிறோம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ஏறத்தாழ 2,900 கிலோமீட்டர் ஆழம் வரை கீழே இருப்பது பெரும்பாலும் கெட்டியான பாறை. கடும் சூட்டிலும் அழுத்தத்திலும் அந்தப் பாறையே மிக மெதுவாக நகர்கிறது. மேலே உள்ள புவித்தட்டுகளும், அதாவது நிலத்தையும் கடலடியையும் தாங்கும் பெரும் பாறைப் பலகைகளும், ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் நகர்கின்றன, நகம் வளரும் வேகத்தில்.

தட்டுகள் வழுக்கிக்கொண்டே போனால் தொல்லை இல்லை. விளிம்புகள் ஒன்றையொன்று கவ்விக்கொள்கின்றன. விளிம்பு நின்றாலும் தட்டு நிற்பதில்லை. அப்போது நடுவில் மாட்டிய பாறை என்ன செய்யும்? வளையும். பாறை வளையும் என்பதை ஏற்க மனம் தயங்கும்தான். 1906 ஏப்ரல் 18 அன்று சான் பிரான்சிஸ்கோவை நிலநடுக்கம் குலுக்கியது. நகருக்கு வடக்கே நேர்கோடாக நின்ற ஒரு மரவேலி, தட்டுகள் உரசும் நிலப்பிளவைக் கடக்கும் இடத்தில் இரண்டாக அறுந்து, ஒரு பாதி இரண்டரை மீட்டர் தள்ளி நின்றது. ஹாரி ஃபீல்டிங் ரீட் என்ற அறிஞர் பழைய நில அளவைக் கணக்குகளைப் புரட்டினார். பிளவிலிருந்து தொலைவில் இருந்த இடங்கள், நிலம் குலுங்குவதற்குப் பல ஆண்டுகள் முன்பே நகரத் தொடங்கியிருந்தன. பிளவின் ஓரம் மட்டும் பிடிபட்டு நின்றிருந்தது. பிடி விட்டதும், வளைத்த மூங்கில் நிமிர்வதுபோல நிலம் சில நொடிகளில் கணக்கைத் தீர்த்துக்கொண்டது. அந்த நிமிர்வின் அதிர்வே நிலநடுக்கம். 2004-இல் சுமத்ராவுக்கு அருகே இப்படிப் பிடி விட்ட நீளம் 1,200 கிலோமீட்டருக்கும் மேல்.

சரி, கெட்டிப் பாறை எரிமலைக் குழம்பாவது எப்படி? எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்: பாதிக் காரணம் தண்ணீர். கடலடித் தட்டு இன்னொரு தட்டுக்குக் கீழே புகும்போது, தன் கனிமங்களுக்குள் ஊறிய நீரையும் கொண்டுபோகிறது. ஏறத்தாழ 100 கிலோமீட்டர் ஆழத்தில் அந்த நீர் பிழிந்து வெளியேறி, மேலே உள்ள சூடான பாறையில் கலக்கிறது. நீர் கலந்த பாறை குறைந்த வெப்பத்திலேயே உருகிவிடும். உருகியது எடை குறைவு, அதனால் மேலேறுகிறது. ஐஸ்லாந்து போன்ற இடங்களில் கதை வேறு. அங்கே தட்டுகள் விலக, அடிப்பாறை மேலெழுகிறது. அழுத்தம் குறைவதாலேயே உருகுகிறது.

எரிமலையை வெடிக்க வைப்பது குழம்பில் கரைந்த நீராவியும் வாயுக்களும். குழம்பு மேலேற அழுத்தம் குறைகிறது, அவை குமிழிகளாக விரிகின்றன. கால் தேய்க்கும் நுரைக்கல்லைக் கையில் எடுத்துப் பாருங்கள். அதிலுள்ள ஒவ்வொரு துளையும் அப்படி விரிந்த ஒரு குமிழி.

குழம்பு பாறையைப் பிளந்துகொண்டு ஏறும்போது சின்னச் சின்ன அதிர்வுகள் எழும். 1991-இல் பிலிப்பைன்ஸின் பினாடுபோ மலையடியில் அறிவியலாளர்கள் அவற்றை வாரக்கணக்கில் கருவிகளில் கவனித்தார்கள். ஜூன் 15 அன்று மலை பெரிதாக வெடித்தபோது, சுற்றுப்புறத்து மக்கள் பல்லாயிரம் பேர் ஏற்கெனவே வெளியேறியிருந்தார்கள்.