‘எல்லோரும்’ என்றால் யார் யார்?

15 வயதுப் பெண். அம்மா அழைத்து வந்திருந்தார். மூன்று மாதமாகப் புகைப்படம் என்றாலே நழுவிவிடுகிறாள், வகுப்பில் குழுப் படம் எடுத்த அன்று வயிற்று வலி என்று சொல்லி வீட்டிலேயே இருந்துவிட்டாள் என்று அம்மா சொல்லிக்கொண்டே போனார். அந்தப் பெண் இடது கையைக் கன்னத்தில் வைத்தபடி மேசை விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். முக்கால் மணி நேரத்தில் ஒரே ஒரு முறை வாய் திறந்தாள்.

“எல்லோருக்கும் முகம் வழவழவென்று இருக்கிறது. எனக்கு மட்டும்தான் இப்படி.”

உளவியல் ஆலோசகராக இத்தனை ஆண்டு இருந்ததில் ஒன்றைக் கவனித்திருக்கிறேன். என் அறைக்கு யாரும் தனியாக வருவதில்லை. கூடவே இந்த ‘எல்லோரும்’ வந்து உட்கார்ந்துகொள்கிறார்கள். எல்லோரும் சிரிப்பார்கள். எல்லோரும் சொந்த வீடு கட்டிவிட்டார்கள். எல்லோர் வீட்டிலும் பிள்ளைகள் சொன்ன பேச்சைக் கேட்கிறார்கள். நான் ஒருவருக்கு ஆலோசனை சொல்ல, எதிரே ஓர் ஊரே உட்கார்ந்திருக்கும்.

அதனால் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து அவள் பக்கம் நகர்த்தினேன். “அந்த எல்லோரும் யார் யார்? பெயர் எழுது” என்றேன். முதல் மூன்று பெயர்களைச் சட்டென்று எழுதினாள். பிறகு பேனா நின்றது. யோசித்து யோசித்து ஏழு பெயர் வந்தது. “இதில் நீ நேரில், வெளிச்சத்தில், பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்கு மட்டும் ஒரு புள்ளி வை” என்றேன். இரண்டு புள்ளிகள். மற்ற ஐவரும் கைபேசித் திரையில் மட்டுமே வாழ்கிறவர்கள். புள்ளி வைத்த இருவரில் ஒருத்தியின் பெயரைச் சிறிது நேரம் பார்த்துவிட்டு, “இவளும் படம் எடுத்தால் அழித்துவிடுவாள்” என்றாள்.

ஊடகம் சமூகத்தை எப்படி வடிவமைக்கிறது என்று யாராவது கேட்டால் எனக்கு அந்தத் தாள்தான் நினைவுக்கு வருகிறது. ஊடகம் நம் மூளைக்குள் புகுந்து கருத்தை மாற்றிவிடுகிறது என்று பலரும் பேசுகிறார்கள். மனிதர்கள் அவ்வளவு எளிதில் கருத்தை மாற்றிக்கொள்கிறவர்கள் என்றால் என் தொழில் மிகச் சுலபமாக இருந்திருக்கும். எனக்குத் தெரிந்த வரை ஊடகம் மிக வலுவாகத் தொடுவது வேறொரு இடத்தை: மற்றவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று நாம் நினைத்துக்கொள்கிறோமே, அந்த இடத்தை. அங்கே கை வைத்துவிட்டால் போதும். மீதியை நாமே செய்துகொள்வோம்.

இதை முதலில் தெளிவாகப் புரியவைத்தது ஊடகத்தைப் பற்றிய ஆய்வே இல்லை. 1993-இல் டெபோரா பிரெண்டிஸ், டேல் மில்லர் என்ற இரண்டு உளவியலாளர்கள் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக மாணவர்களின் குடிப்பழக்கம் பற்றி எழுதியது. வளாகத்தில் நடக்கும் குடி உனக்குச் சம்மதமா, சராசரி மாணவனுக்குச் சம்மதமாக இருக்கும் என்று நினைக்கிறாயா என்று இரண்டு கேள்விகள். மாணவர்களுக்கு உள்ளூர ஒரு சங்கடம் இருந்தது. ஆனால் மற்றவர்களுக்கு அந்தச் சங்கடம் இல்லை என்று ஒவ்வொருவரும் நம்பினார்கள். கல்விப் பருவம் முடிவதற்குள் ஆண் மாணவர்களின் சொந்த மனப்போக்கே, அப்படி இருப்பதாக அவர்கள் கற்பனை செய்துகொண்ட பொதுக்கருத்தை நோக்கி நகர்ந்துவிட்டது. இல்லாத ஒரு கூட்டத்துக்குப் பின்னால் ஓடி, கடைசியில் அந்தக் கூட்டமாகவே ஆகிவிட்டார்கள். பெண்களிடம் அந்த நகர்வு தெரியவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஒரே வளாகத்தில் தினமும் பார்த்துப் பழகுகிறவர்களே அடுத்தவர் மனத்தை இப்படித் தப்பாகப் படிக்கிறார்கள். பார்த்தே இராத கோடிப் பேரின் மனத்தை எதை வைத்துப் படிப்பது? திரையை வைத்துத்தான்.

பிரேசிலில் நடந்தது இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ரெடே குளோபோ என்ற தொலைக்காட்சி நிறுவனத்தின் தொடர்நாடகங்களை நாடே பார்த்தது. 1965 முதல் 1999 வரை ஒளிபரப்பான தொடர்களை ஆராய்ந்தபோது, 50 வயதுக்கு உட்பட்ட முக்கியப் பெண் பாத்திரங்களில் 72 சதவீதத்தினருக்குக் குழந்தையே இல்லை, 21 சதவீதத்தினருக்கு ஒரே குழந்தை என்று தெரிந்தது. 1960-இல் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக ஆறுக்கும் மேல் குழந்தைகள் பிறந்த நாடு அது; 2000-இல் அந்தச் சராசரி இரண்டு சொச்சத்துக்கு வந்துவிட்டது. இதற்குக் காரணம் நாடகம் மட்டும்தான் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் அந்த அலைவரிசை எட்டிய வட்டாரங்களில் பிறப்பு விகிதம் கூடுதலாகக் குறைந்திருந்ததை எலியானா லா ஃபெராராவும் உடன் ஆய்வாளர்களும் கணக்கிட்டுக் காட்டினார்கள். எனக்குப் பிடித்த தகவல் வேறு: அந்தப் பகுதிகளில் பெற்றோர் தங்கள் குழந்தைகளுக்கு நாடகப் பாத்திரங்களின் பெயர்களை வைக்கத் தொடங்கியிருந்தார்கள். ‘குறைவாகப் பிள்ளை பெறுங்கள்’ என்று அந்த நாடகங்களில் எவரும் உபதேசம் செய்ததில்லை. சிறிய குடும்பம் ஒன்று தினமும் வீட்டுக்கு வந்து போனது, அவ்வளவுதான்.

பிஜித் தீவுகளின் கதையும் இதே வகை, ஆனால் கசப்பானது. அங்கே நட்ரோகா என்ற பகுதிக்கு 1995-இல்தான் தொலைக்காட்சி வந்தது. அதுவரை நல்ல சதைப்பிடிப்பான உடம்பே அழகு; யாராவது மெலிந்து போனால் கவலையோடு விசாரிப்பார்கள். ஆன் பெக்கர் என்ற மனநல மருத்துவர் தொலைக்காட்சி வந்த சில வாரங்களில் பள்ளி மாணவிகளிடம் ஒரு வினாத்தாளைக் கொடுத்தார். மூன்றாண்டு கழித்து, 1998-இல், வேறு மாணவிகளிடம் அதையே கொடுத்தார். உண்ணும் பழக்கத்தில் கோளாறு இருக்கலாம் என்று காட்டும் மதிப்பெண் பெற்றவர்கள் 12.7 சதவீதத்திலிருந்து 29.2 சதவீதமாகியிருந்தார்கள். 1998-இல் 74 சதவீதப் பெண்கள் தாங்கள் குண்டாக இருப்பதாகச் சில வேளையாவது உணர்ந்ததாகச் சொன்னார்கள். ஒவ்வொரு முறையும் அறுபது சொச்சம் பேர்தான், இரு முறையும் ஒரே பெண்கள் அல்லர்; எனவே அளவாகவே இதை நம்ப வேண்டும். ஆனாலும் என் அறைக்கு வந்த அந்தப் பெண்ணைப் பார்த்தபோது எனக்கு இவர்கள் நினைவுதான். இவளிடமும் யாரும் ‘நீ அழகில்லை’ என்று சொல்லவில்லை. அம்மா திரும்பத் திரும்பக் கேட்ட கேள்வியே அதுதான்: “யார் இவளை என்ன சொன்னார்கள்?” ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை என்பதுதான் இதில் சிக்கலே.

ருவாண்டாவைத் தொடாமல் இதைப் பேச முடியாது. 1993 ஜூலையில் ஒலிபரப்பைத் தொடங்கிய ‘ஆயிரம் குன்றுகள்’ வானொலி, அங்கே சிறுபான்மையினரான துட்சி மக்களைக் கரப்பான்பூச்சிகள் என்றது. பாட்டும் நகைச்சுவையும் கலந்து பக்கத்து வீட்டுக்காரர் பேசுவது போலப் பேசியது. 1994-இல் நூறு நாட்களில் சுமார் 8 லட்சம் பேர் கொல்லப்பட்டபோது, ஒளிந்திருந்தவர்களின் பெயர்களையும் இடங்களையும் அதில் அறிவித்தார்கள். 2003-இல் ருவாண்டாவுக்கான சர்வதேசக் குற்றவியல் தீர்ப்பாயம் அந்த வானொலியைத் தொடங்கியவர்களில் இருவரையும் ஒரு பத்திரிகை ஆசிரியரையும் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. கொலைகளில் வானொலியின் பங்கு எவ்வளவு, அண்டை அயலாரின் நெருக்குதல் எவ்வளவு என்பதில் ஆய்வாளர்கள் இன்றும் ஒத்துப்போவதில்லை. இரண்டையும் பிரித்துப் பார்ப்பதே கடினம் என்பது என் எண்ணம். ‘எல்லோரும் கிளம்பிவிட்டார்கள்’ என்று ஒரு குரல் தினமும் சொல்லும்போது, கதவைத் தட்டுகிற அயலாருக்கு மறுப்புச் சொல்ல எத்தனை பேருக்குத் துணிவு வரும்?

பத்தாண்டு கழித்து, 2004-இல், அதே நாட்டில் வானொலி என்ற அதே ஊடகத்தைப் பிடித்துக்கொண்டே மருந்து போடப் பார்த்தார்கள். ‘புது விடியல்’ என்று பொருள்படும் பெயரில் ஒரு வானொலி நாடகம்: பகைமூண்ட இரண்டு கற்பனைக் கிராமங்கள், அதில் எதிரெதிர்ப் பக்கத்து இளைஞர்களின் காதல், தலைவர்களை எதிர்த்துப் பேசத் துணிகிற சிலர். எலிசபெத் லெவி பாலுக் என்ற உளவியலாளர் சில குழுக்களை ஓராண்டு இந்த நாடகத்தைச் சேர்ந்து கேட்கவைத்தார். வேறு சில குழுக்கள் உடல்நலம் பற்றிய நாடகத்தைக் கேட்டன. முடிவில் பார்த்தால், நாடகம் கேட்டவர்களின் சொந்த நம்பிக்கைகள் பெரிதாக மாறவில்லை. மாறியது, ‘எங்கள் ஊரில் இப்படி நடந்துகொள்ளலாம், இப்படிப் பேசலாம்’ என்ற எண்ணம்.

ஆய்வின் கடைசி நாளில் ஒவ்வொரு குழுவுக்கும் ஓர் ஒலிநாடாப் பெட்டியும் நாடாக்களும் பரிசாகக் கொடுத்தார்கள். இதை யார் வைத்துக்கொள்வது? உடல்நல நாடகம் கேட்ட குழுக்களில் ‘ஊர்ப் பொறுப்பாளரிடம் கொடுத்துவிடுவோம்’ என்று ஒருவர் சொன்னதும் பெரும்பாலும் பேச்சு முடிந்துவிட்டது. சமரச நாடகம் கேட்ட குழுக்களில் ‘ஏன் அவரிடம்? நாமே முறைபோட்டு வைத்துக்கொள்ளக் கூடாதா?’ என்று யாராவது எழுந்து கேட்டார்கள், விவாதம் நீண்டது. நூறு வினாத்தாள்களை விட அந்தச் சின்னச் சச்சரவு எனக்கு நிறையச் சொல்கிறது.

இனி என் தவறு. சில ஆண்டுகளுக்கு முன் பெற்றோர் கூட்டம் ஒன்றில், கைபேசிப் பழக்கத்தைப் பற்றிப் பேச அழைத்திருந்தார்கள். எடுத்த எடுப்பில் குரலை உயர்த்தி, “இன்றைக்கு எந்த வீட்டை எடுத்துக்கொண்டாலும் பிள்ளைகள் நள்ளிரவு வரை கைபேசியோடுதான் இருக்கிறார்கள்” என்றேன். அரங்கம் தலையாட்டியது. பேச்சு எடுபட்டுவிட்டது என்று எனக்கும் ஒரே பூரிப்பு. முடிந்ததும் ஒருவர் அருகில் வந்து, “நான் வீணாகப் பயந்துகொண்டிருந்தேன். எல்லா வீட்டிலும் இதே கதை என்றால் சரி, மனசு லேசாகிவிட்டது” என்று நன்றி சொல்லிவிட்டுப் போனார்!

விழிப்புணர்வு என்ற பெயரில் நாங்கள் செய்கிற பாதி வேலை இதுதான். அமெரிக்காவின் அரிசோனாவில் கல்மரப் பூங்கா ஒன்று இருக்கிறது. வருகிறவர்கள் கல்லாகிப்போன மரத்துண்டுகளைப் பையில் போட்டுக்கொண்டு போய்விடுவது அங்கே தீராத தொல்லை. ராபர்ட் சியால்டினி குழுவினர் பாதைகளில் அடையாளமிட்ட துண்டுகளைப் போட்டு, விதவிதமான பலகைகளை வைத்துப் பார்த்தார்கள். ‘முன்பு வந்த பலர் எடுத்துச் சென்றதால் பூங்காவின் இயற்கை நிலை மாறிவிட்டது’ என்ற பலகை இருந்தபோது கிட்டத்தட்ட 8 சதவீதத் துண்டுகள் காணாமல் போயின. ‘தயவுசெய்து எடுக்காதீர்கள்’ என்று மட்டும் சொன்ன பலகைக்கு 2 சதவீதத்துக்கும் குறைவு. முதல் பலகை வருந்தியது. படித்தவர்களோ அதில் ‘பலர்’ என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டார்கள்.

‘அதிகரித்து வரும்’, ‘தலைவிரித்தாடும்’, ‘சர்வசாதாரணமாகிவிட்ட’ என்றெல்லாம் எழுதுகிற செய்தியாளர்களும், கவலையோடு அதைப் பகிர்கிற நாமும் அந்த முதல் பலகையைத்தான் திரும்பத் திரும்ப நட்டுக்கொண்டிருக்கிறோம். இப்போது கூட்டங்களில் நான் பேசுவதற்கு முன் துண்டுச் சீட்டு கொடுத்துவிடுகிறேன். பெயர் எழுத வேண்டாம்; பிள்ளையை அடித்து வளர்ப்பதில் உங்களுக்குச் சம்மதமா, இந்த அறையில் எத்தனை பேருக்குச் சம்மதம் இருக்கும் என்று நினைக்கிறீர்கள், இரண்டே கேள்வி. அவர்கள் முன்னாலேயே எண்ணிப் பலகையில் எழுதுவேன். இதுவரை ஒரு கூட்டத்திலும் இரண்டு எண்களும் பொருந்தியதில்லை. சில நேரம் எண்ணி முடித்தபின் எனக்குப் பேச ஒன்றும் மிச்சம் இருப்பதில்லை.

கடைசியாக ஒரு தந்தை. குற்றச் செய்திக் காணொளிகளை இரவில் வரிசையாகப் பார்க்கிறவர். கல்லூரி படிக்கும் மகளை மாலை வகுப்புக்கு அனுப்புவதை நிறுத்திவிட்டார். தொலைக்காட்சியை அதிகம் பார்க்கிறவர்களுக்கு உலகம் இருப்பதை விடக் கொடியதாகத் தெரிகிறது என்று ஜார்ஜ் கெர்ப்னர் 1970-களிலேயே சொன்னார். பிறகு சிலர், ஆபத்தான வட்டாரத்தில் வாழ்கிறவர்கள்தான் வீட்டுக்குள் அடைந்து அதிகம் பார்க்கிறார்களோ என்று திருப்பிக் கேட்டார்கள், நியாயமான கேள்வி. அதனால் அவரிடம் வாதாடாமல் ஒரு நோட்டைக் கொடுத்து, பார்க்கும் ஒவ்வொரு சம்பவத்துக்கும் எங்கே, எப்போது என்று இரண்டு நெடுவரிசையில் மட்டும் எழுதச் சொன்னேன்.

இரண்டு வாரம் கழித்து வந்தார். நேர்த்தியாகக் கோடு போட்டு எழுதியிருந்தார். ஒரே சம்பவம் நான்கு வேறு சேனல்களில் வந்திருந்தது. ஒன்று பல ஆண்டு பழையது. இரண்டு வேறு நாட்டில் நடந்தவை. அவருக்குக் கோபம் வந்தது. “அப்படியானால் எல்லாம் பொய் என்கிறீர்களா?”

“பொய் இல்லை. ஒவ்வொன்றும் உண்மைதான். கூட்டிப் பார்த்த கணக்குத்தான் தப்பு” என்றேன்.

அவர் சமாதானமாகிவிட்டார் என்று சொல்ல முடியாது. போன வாரம் தொலைபேசியில் பேசினார். மகள் மறுபடியும் வகுப்புக்குப் போகிறாளாம். வகுப்பு முடியும் வரை இவர் எதிர்ப்பக்கத்தில் வண்டியை நிறுத்திவிட்டு நிற்கிறாராம். அங்கே அதே போல நிற்கிற இன்னும் இரண்டு அப்பாக்களோடு பழக்கமாகிவிட்டதாம். “நிற்கலாமா?” என்று கேட்டார். நில்லுங்கள், அவர்களிடமும் அந்த நோட்டைக் காட்டுங்கள் என்றேன்.